உப்பாகவே இருக்கட்டும்

தண்ணீர் கேட்கிற மனுஷனுக்கு இல்லை என்று சொல்ல ஒரு முகம் வேண்டும், அந்த முகம் உலகம்மைக்குப் பிறவியிலேயே அமைந்திருக்கிறது என்று நாத்தனார் பிச்சம்மாள் நினைத்துக்கொண்டிருப்பாள், நினைக்கட்டும், மூலையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து தம்பியையும் தம்பி பெண்டாட்டியையும் மாறிமாறிப் பார்ப்பதைத் தவிர அவளுக்கு இங்கே என்ன ஜோலி. "ஏ உலகு, ஒரு வாய் குடு" என்றார் கட்டிலில் கிடந்த நயினார். "இப்பதானே குடிச்சீங்க." "எப்போ?" "ஸ்கேன் எடுத்துட்டு வந்ததும்." "என்ன ஸ்கேன்?" காலையில் பெரிய வளையம் ஒன்றுக்குள் இவரைத் தள்ளி, மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க என்று ஒரு மெஷின் உத்தரவு போட்டு, கையில் ஏற்றிய மருந்து உடம்பெல்லாம் சுட்டது என்று இவரே வெளியே வந்து சொல்லி, மதியச் சாப்பாடும் ஆயிற்று, இப்போது ஸ்கேனா, என்ன ஸ்கேன் என்கிறார். ஜன்னல் விளிம்பில் ஒரு பாட்டில் நின்றது. நர்ஸ் பெண் அதில் பேனாவால் கோடு போட்டிருந்தாள், இன்னைக்கு முழுக்க இதுதாம்மா, காப்பி மோர் ரசம் எல்லாம் இதுக்குள்ளதான், பாவம் பார்த்து ஊத்திராதீங்க என்று. பாவம் பார்க்கிற ஆள் நான் இல்லை என்று உலகம்மை சொன்னதற்கு அந்தப் பெண் சிரித்தது, மூலை நாற்காலி சிரிக்கவில்லை. "நாக்கு ஒட்டுதே, உலகு." பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள். அவர் பஞ்சையே வாய்க்குள் இழுத்துச் சப்பினார், பால் குடிக்கிற குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு, அதைப் பார்க்கச் சகிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே பாளையங்கோட்டை வெயில் ஸ்கூட்டர் சீட்டுகளின் மேல் வெள்ளையாகக் கிடந்தது. சாயந்திரம் டாக்டர் ஜெபசிங் ரவுண்ட்ஸ் வரும்போது நெஞ்சு ஸ்கேனில் என்ன தெரிந்தது என்று சொல்வார். அதுவரை ஒன்றும் இல்லை. அதுவரை இது வெறும் உப்பு.

சோடியம். போன மாசம் வரை அந்தப் பெயரைக் கேட்டால் கான்வென்ட் லேபில் மண்ணெண்ணெய்க்குள் மூழ்கிக் கிடந்த கட்டிதான் அவளுக்கு ஞாபகம் வரும், சிஸ்டர் பெனடிக்டா அதில் கடுகளவு வெட்டித் தண்ணீரில் போட்டதும் அது உஸ்ஸென்று சுற்றிச் சுற்றி ஓடியதும், முன்வரிசைப் பெண்கள் கிறீச்சிட்டதும், பிடிவாதமாக வாயை மூடிக்கொண்டு நின்ற உலகம்மையைப் பார்த்து, குட், ஒன் கேர்ள் வித் நெர்வ் என்று சிஸ்டர் சொன்னதும். அந்த நெர்வை, அந்தத் தைரியத்தை வைத்துக்கொண்டு என்ன கிழித்தோம் என்று இப்போது கேட்டுக்கொண்டாள். தூத்துக்குடியில் வழக்கமாகப் பார்க்கிற டாக்டர்தான் முதலில் சொன்னார், ரத்தத்தில் சோடியம் ரொம்பக் குறைந்துவிட்டது, தடுமாற்றம், மறதி, குமட்டல் எல்லாம் அதனால்தான் என்று, சொல்லிவிட்டு, "உப்பளத்து ஊர்ல இருந்துக்கிட்டு உப்பு பத்தலியா சார்?" என்று சிரித்தார். அன்றைக்கு ஆரம்பித்தது. ஆட்டோக்காரர், மாடி வீட்டு வாத்தியார், போனில் மகள் நிவேதாவின் மாமனார், இந்த ஆஸ்பத்திரிக்கு வந்த பின் டியூட்டி டாக்டர், ஒருத்தர் பாக்கியில்லாமல் அதே வாக்கியம், உலகத்திலேயே தனக்கு மட்டும் உதித்த மாதிரி ஒரு இடைவெளி விட்டு, சிரிப்புக்குக் காத்து நின்று. முதல் இரண்டு பேருக்கு அவளும் சிரித்தாள். அப்புறம், இந்தாங்க, நாளைக்கு ஒரு மூட்டை வாங்கிட்டு வாங்க, கூடவே சிரிப்பும் வாங்கிட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள், வாத்தியார் அதற்குப் பிறகு வரவில்லை, நல்லதாய்ப் போயிற்று. ஆனால் பிச்சம்மாள் சிரிக்கவில்லை. பிச்சம்மாளுக்கு அது வேடிக்கை இல்லை, அவளுக்கு அது தீர்ப்பு. தெருவிலிருந்து வாசல்படி ஏறும்போதே, "நான் அன்னைக்கே சொன்னேம்லா, எந்தம்பி உப்புக்கு ஏங்கியே போயிருவான்னு" என்று ஆரம்பித்தவள், செருப்பைக் கழற்றவில்லை, தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை, நேராக அடுப்படிக்குப் போய் ரசத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்தாள். விரலை விட்டு. அதைத்தான் உலகம்மையால் இன்றுவரை தாங்க முடியவில்லை, அந்த விரலை.

ஆனால் உப்பைக் குறைத்தது யார், அவள்தானே. பி.பி. ஏறியிருக்கிறது, உப்பைக் கொஞ்சம் குறையுங்கள் என்று இதற்குச் சில மாசம் முன்னால் டாக்டர் சொன்னது கொஞ்சம். அந்தக் கொஞ்சம் என்கிற வார்த்தை உலகம்மையிடம் செல்லுபடியாகாது, ஒன்றைச் செய்தால் முழுக்கச் செய், இல்லையென்றால் கையை வைக்காதே, பள்ளிக்கூடத்தில் வேதக்காரப் பிள்ளைகள் ஈஸ்டருக்கு முந்தின தவசுகாலத்தில் பிடித்தது ஆளுக்கொன்றை விட்டபோது இவள் சைவப் பிள்ளை, இவளை யாரும் கேட்கவில்லை, இருந்தும் சீனி, பால், ஜன்னலோர இடம் மூன்றையும் விட்டுவிட்டு ஈஸ்டர் வரை விறைப்பாகத் திரிந்து அவர்களையெல்லாம் தோற்கடித்தவள். அப்படித்தான் வீட்டிலும். ஊறுகாய் பாட்டில்கள் அன்றைக்கே வேலைக்காரியின் பைக்குள் போயின, அப்பளம், மோர் மிளகாய், வடகம், கருவேப்பிலைப் பொடி, எல்லாம். சோற்றில் கிடையாது, சாம்பாரில் பேருக்கு, ரசத்தில் எலுமிச்சை பிழிந்து நாக்கை ஏமாற்று, தோசை மாவில் கூடக் கிடையாது. நயினார் முதல் வாரம் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார், இரண்டாவது வாரம், "ஏ உலகு, ஜெயில்ல கூட கஞ்சிக்கு ஒரு கல்லு போடுவாம்லா" என்றார், அதற்கு அவள், ஜெயில்ல உங்களுக்கு பி.பி. மாத்திரை யார் எடுத்துக் குடுப்பா என்றாள், அதோடு சரி, வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டார், நல்ல மனுஷன், துறைமுகத்தில் கப்பல் ஏஜெண்ட் ஆபீஸில் இருந்த காலம் முழுக்க மேலே இருந்தவன் சொன்னதைக் கேட்டே பழகியவர், வீட்டிலும் மேலே ஒருத்தி இருந்தாள். அப்புறம் மெலிய ஆரம்பித்தார். அட, அதுதான். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் மனது சேலை முந்தானை ஆணியில் மாட்டினது போல நின்றுவிடுகிறது. மெலிந்தார். தொப்பை கரைந்தது, கழுத்துச் சதை போயிற்று, அவள் தையற்காரரிடம் பேண்ட்டுகளையெல்லாம் கொண்டுபோய் இடுப்பைப் பிடிக்கச் சொன்னாள், தையற்காரர், என்னம்மா சார் மாப்பிள்ளை ஆயிட்டாரு என்றார், அவளுக்கு எவ்வளவு பெருமை! சிவன் கோயில் பிரகாரத்தில் நாலு பெண்கள் சூழ்ந்துகொண்டு, என்னக்கா செய்தீங்க, எங்க வீட்டுக்காரருக்கும் சொல்லிக்குடுங்க என்றார்கள், அவள் சொன்னாள், சொன்னாளே பெரிய டயட்டீஷியன் மாதிரி, எண்ணெய் இவ்வளவு, உப்பு அறவே இல்லை, ராத்திரி கோதுமைக் கஞ்சி, மனசு வைத்தால் போதும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மெலிந்தது யாரால்? அந்தக் கேள்விக்கு ஒரு பதில்தான் இருக்க வேண்டும். அவளால். அவள் சமையலால். வேறு எதனாலும் இல்லை.

"கப்பலைக் கரையில கட்டியாச்சா?" என்றார் நயினார். பிச்சம்மாள் எழுந்து வந்து தம்பியின் காலைத் தொட்டாள். "எந்தக் கப்பல்யா?" "அந்த நிலக்கரிக் கப்பல்தான். கப்பலை உள்ள கொண்டாற பைலட் வரலையா இன்னும்?" "எல்லாம் வந்துருவாக, நீ கண்ண மூடு." அவளுக்கு எப்படி இப்படி இதமாகப் பேச வருகிறது. உலகம்மைக்கு வராது, உலகம்மை என்றால், ரிட்டயர் ஆகி வருஷமாச்சு, கப்பலாம் கப்பல் என்றிருப்பாள், அப்படித்தான் சொன்னாள் இரண்டு மாசமாக, அவர் ரிமோட்டைக் கொண்டுபோய் ஃபிரிட்ஜில் வைத்தபோது, காபி டம்ளரில் சாம்பாரை ஊற்றியபோது, சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று தெருவில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யோசித்தபோது, ஒவ்வொரு தடவையும் அவள், கண்ணு எங்க இருக்கு, காது கேக்குதா இல்லையா, வேணும்னே செய்றீங்களா என்று கத்தினாள், ஒரு நாள் அவர் கை நடுங்கித் தோசையைத் தரையில் போட்டபோது, அவர் கையில் நறுக்கென்று ஒரு அடி கூட, சின்ன அடிதான், பிள்ளைகளுக்குப் போடுகிற மாதிரி, அவர் அந்தக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கோபமில்லை, அது யாருடைய கை என்று தேடுகிற மாதிரி பார்த்தார். மூளையில் தண்ணீர் கோத்திருக்கிறது என்று அப்போது யாருக்குத் தெரியும். சோம்பேறித்தனம் என்று நினைத்தாள். காலையில் வருகிற இருமலையும் அப்படித்தான் நினைத்தாள், கவனத்தை இழுக்கிற இருமல், பல் விளக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி, போதும் போதும், நாடகக் கம்பெனியா நடத்துறீங்க என்று உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள். அது பழைய இருமல். சிகரெட் காலத்து இருமல். சிகரெட்டை நிறுத்த வைத்ததும் அவள்தான், சட்டைகளை முகர்ந்து பார்த்து, பாக்கெட்டைத் துழாவி, ஒரு தடவை ஆபீஸுக்கே போன் போட்டு அவமானப்படுத்தி, கடைசியில் மனுஷன் விட்டே விட்டார், பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும், அதுவும் அவள் ஜெயித்த சண்டை. டாக்டர் ஜெபசிங், புகை பிடிப்பாரா என்று கேட்டபோது, விட்டு எத்தனையோ வருஷமாச்சு டாக்டர் என்று பரிசு வாங்கப் போகிற மாதிரி நிமிர்ந்து சொன்னாள். அவர் பாராட்டவில்லை. "அதுக்கு முன்னாடி எவ்வளவு வருஷம் பிடிச்சார்?" என்று கேட்டார். அதை எதற்குக் கேட்க வேண்டும்? முடிந்துபோன சண்டையை எதற்குத் தோண்ட வேண்டும்? நல்ல டாக்டர் என்றுதான் தூத்துக்குடியிலிருந்து காரில் போட்டு இவரிடம் கொண்டு வந்தது, நல்ல டாக்டர் என்றால் கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும், பதில் சொன்னவளிடம் இன்னொரு கேள்வி கேட்கக் கூடாது.

"உலகம்மை" என்றாள் பிச்சம்மாள். முழுப் பேரையும் சொன்னாள் என்றால் ஏதோ வருகிறது. "ம்." "நான் கொண்டாந்த நார்த்தங்காயில ஒரு துண்டு அவன் வாயில வச்சா என்னா? உப்புதானே, தண்ணி இல்லல்லா." "டாக்டர் கிட்ட கேட்டுட்டு வைங்க." "எங்க அம்மை பிரசவத்துக்குப் படுத்தவளுக்கே நார்த்தங்காய் குடுப்பா." "இவர் பிரசவத்துக்குப் படுக்கலை மதினி." "வாயப் பாரு. இந்த வாயிக்கு உப்பு ஜாஸ்தி, சோத்துக்குத்தான் இல்ல." கட்டிலிலிருந்து நயினார் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், இருமலுக்கு நடுவில், கண்ணைத் திறக்காமல், பழைய நயினாராக ஒரு நொடி, இரண்டு பெண்களும் திடுக்கிட்டு அவரைப் பார்த்தார்கள். அப்புறம் அது போய்விட்டது. பிச்சம்மாள் சொன்னது நன்றாகத்தான் இருந்தது, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஆனால் இப்போது அல்ல, கிழவி ஏற்கெனவே தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஒரு மாசமாக அவள் ராஜ்ஜியம். முதல் டாக்டர் உப்புச் சேர்க்கச் சொன்ன அன்றைக்கே பெட்டியோடு வந்து இறங்கி அடுப்படியைக் கைப்பற்றினாள், உலகம்மை எதிர்க்கவில்லை, குற்றவாளிக்கு எதிர்க்க என்ன பாத்தியதை, இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த மனுஷனுக்கு உப்பு ஊட்டினார்கள். எப்படி ஊட்டினார்கள்! செம்பு செம்பாக உப்பு மோர், உப்புக் கஞ்சி, இளநீரில் உப்பு, எலுமிச்சைச் சாற்றில் உப்பு, மெடிக்கலில் வாங்கிய பவுடரைக் குடம் தண்ணீரில் கரைத்து, குடிங்க, மிச்சம் வைக்காதீங்க என்று உலகம்மை ஒரு பக்கமும், குடி ராசா என்று பிச்சம்மாள் ஒரு பக்கமும், அவர் இரண்டு பேருக்கும் பயந்து குடித்தார், வயிறு பொம்மென்று ஆகி வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் குடித்தார். அடுத்த ரத்தப் பரிசோதனையில் சோடியம் ஏறவில்லை. இறங்கியிருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் கை கால் வெட்டி இழுத்து, நாக்கைக் கடித்து, பேச்சில்லாமல் கிடந்தார், தூத்துக்குடிப் பாலத்தைத் தாண்டும்போது காருக்குள் பிச்சம்மாள் முருகா முருகா என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள், உலகம்மை டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள், மாட்டு வண்டியா ஓட்டுறீங்க, மாட்டு வண்டியா, அந்த டிரைவர் பறந்துகொண்டுதான் இருந்தார் பாவம்.

டாக்டர் ஜெபசிங் மெதுவாகப் பேசுகிற ஆள், அதுவே உலகம்மைக்கு எரிச்சல். இங்கே வந்த மறுநாள், நயினார் கண் திறந்து ஓரளவு பேச ஆரம்பித்தபின், அவளை உட்கார வைத்துச் சொன்னார், உங்க வீட்டுக்காரருக்கு உப்பு குறையலை அம்மா, உடம்பு தண்ணியை வெளிய விடாம சேத்து வைக்குது, ரசத்துல தண்ணி கூடினா உப்பு கம்மியாத் தெரியுமில்ல, அது மாதிரி. அந்த உவமையைச் சமையல்காரிக்காகத் தேடிப் பிடித்தார் என்று அவளுக்குப் புரிந்தது. அப்படியென்றால் நாங்கள் கொடுத்த மோரெல்லாம், என்று கேட்கப் போனவள் கேட்காமல் விழுங்கிவிட்டாள். பதிலாக, நான் ரொம்ப நாளா உப்பே போடாமச் சமைச்சேன் டாக்டர், என்னாலதானா என்றாள், யாரிடமும் இவ்வளவு பணிவாக அவள் பேசினதில்லை. சிறுநீரைச் சோதித்ததில் அதில் உப்பு நிறையப் போகிறது என்றார். அவ்வளவுதான், வேறு பேச்சுக்குப் போய்விட்டார், நெஞ்சு எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் கொஞ்சம் தெளிவில்லாம இருக்கு, ஸ்கேன் எடுத்துப் பாத்துருவோம் என்று. அவள் சயின்ஸில் எப்போதும் முதல் மார்க். அதுதான் வினை. பிச்சம்மாளாக இருந்தால் தலையாட்டிவிட்டுத் தூங்கியிருப்பாள், இவளுக்கு அன்றிலிருந்து அந்தக் கணக்கு உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது, உப்புக்குக் காய்ந்த உடம்பு கிடைத்த உப்பை ஏன் வெளியே கொட்டுகிறது, பட்டினி கிடக்கிறவன் சோற்றைத் தெருவில் கொட்டுவானா, கொட்ட மாட்டான், அப்படியானால் இது பட்டினி இல்லை, அப்படியானால் உப்பு இல்லை, அப்படியானால் நான் இல்லை, அப்படியானால், அங்கே நின்றுவிடுவாள். மறுபடி முதலிலிருந்து. சிறுநீர்ச் சோதனை தப்பாக இருக்கலாம். வேறு யாருடையதோ மாறியிருக்கலாம். நாங்கள் ஒரு மாசமாக ஊட்டின உப்புதான் அதில் போயிருக்கும், ஆமாம், அப்படியும் இருக்கலாம் இல்லையா, செம்பு செம்பாகக் குடித்தாரே. எக்ஸ்ரேயில் தெளிவில்லை என்றால் மூச்சைச் சரியாகப் பிடித்திருக்க மாட்டார், சொன்னால் கேட்கிற நிலையிலா இருந்தார். நிவேதா பெங்களூரிலிருந்து போனில், அம்மா, நெட்ல பார்த்தேன், லங்ஸ்ல ஏதாவது இருந்தாலும் சோடியம் குறையுமாம் என்று இழுத்தாள், நீ நெட்ட மூடிட்டு டிக்கெட் போடு என்று வைத்துவிட்டாள். லங்ஸ். எவ்வளவு தூரத்தில் இருக்கிறது மூளைக்கு. ரிமோட்டை ஃபிரிட்ஜில் வைத்ததற்கும் நுரையீரலுக்கும் என்ன உறவு. நெஞ்சுக்குள் ஒளிந்துகொண்டு ஒன்று தண்ணீர்க் குழாயைத் திருகிவிட முடியுமா, அதுவும் அவள் வீட்டில், அவள் கண்ணில் படாமல், அலமாரிக்குப் பின்னால் பல்லி முட்டை கிடந்தால்கூடக் கண்டுபிடிக்கிறவள் வீட்டில்.

உப்பாகவே இருக்கட்டும். யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்டாள், வீட்டு முருகனிடமா, பள்ளிக்கூட மாதாவிடமா, யார் ஃபைலில் இது இருக்கிறதோ அவர்களிடம். உப்பாகவே இருக்கட்டும், நான்தான் செய்தேன் என்று இருக்கட்டும். அதற்கு என்ன தண்டனை, எல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டாள், தாராளமாகத் தாங்கலாம். பிச்சம்மாள் சாகிறவரை சொல்லிக் காட்டுவாள். கல்யாண வீட்டுப் பந்தியில் உப்பு பரிமாற வருகிறவனிடம், எந்தம்பிக்கு நல்லாப் போடுய்யா, அவன் பெண்டாட்டி போட மாட்டா என்பாள், பந்தி முழுக்கச் சிரிக்கும், நயினாரும் சிரிப்பார், நரைத்த மீசையில் பாயசம் ஒட்டியிருக்கும், உலகம்மை தலையைக் குனிந்துகொண்டு கூட்டுக்கறியைப் பிசைவாள். கோயில் பிரகாரத்தில் அந்த நாலு பெண்களும், பெரிசா சொல்லிக்குடுத்தா பாத்தியா, புருஷனை ஆஸ்பத்திரியில படுக்கப் போட்டா என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். திருப்பட்டும். நிவேதா பிள்ளைகளிடம் சொல்வாள், ஆச்சி தாத்தாவுக்கு உப்பே தரமாட்டாங்க, அதனால தாத்தாவுக்குக் கிறுக்குப் பிடிச்சுது, பிள்ளைகள் கைகொட்டும். எல்லாவற்றிலும் அவர் இருக்கிறார். அவள் ஜோடித்துப் பார்க்கிற ஒவ்வொரு அவமானத்திலும் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், சதை போட்டு, தொப்பையோடு, பேண்ட்டையெல்லாம் மறுபடி தையற்காரரிடம் கொண்டுபோய்ப் பிரிக்கச் சொல்லி. பிரிக்கிறதற்குத் துணி உள்ளே விட்டிருப்பாரா அந்த ஆள்? வெட்டியே எறிந்திருந்தால்? இந்தக் கேள்வியில் திடீரென்று கண் முட்டியது, ஒரு பேண்ட்டுத் துணிக்காகவா அழுவார்கள், எழுந்துபோய் வாஷ்பேசினில் முகத்தைக் கழுவினாள், குழாயில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டு, "உலகு" என்றார் அவர், "தண்ணி விழுது பாரு, அங்க தண்ணி விழுது", குழாயை அவசரமாக மூடினாள். பிச்சம்மாள் நாற்காலியிலிருந்து, "ஒரு வாய் குடேண்டி, யாருக்குத் தெரியப் போகுது" என்றாள், குரல் கெஞ்சியது. "எனக்குத் தெரியும்" என்றாள் உலகம்மை. "கல்நெஞ்சுக்காரி." "ஆமா." "ஆமாங்கா பாரு." "ஆமான்னா ஆமாதான் மதினி, நான்தான் உப்பில்லாமப் போட்டேன், நான்தான் தண்ணியில்லாமப் போடுறேன், எல்லாம் நான்தான், சொல்லிக்கிட்டே இருங்க, நிப்பாட்டாதீங்க." பிச்சம்மாள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் வழக்கமான குத்து இல்லை, அது இன்னும் பயமாக இருந்தது, ஏன் இந்தக் கிழவி சட்டென்று அடங்குகிறாள், அவளுக்கும் ஏதாவது தோன்றிவிட்டதா, அவளும் எதையோ பார்க்காமல் இருப்பதற்காகத்தான் இத்தனை நாளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாளா.

செருப்புச் சத்தம் வந்தது, நின்றது. சாயந்திரம் என்று சொல்லியிருந்த டாக்டர், வெயில் இன்னும் ஸ்கூட்டர் சீட்டிலிருந்து இறங்கவில்லை, அதற்குள் வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், கூட ஜூனியர்கள் யாரும் இல்லை, தனியாக. உலகம்மை அந்தத் தனிமையைத்தான் முதலில் பார்த்தாள். அவர் நயினாரின் பக்கம் போய், "எப்படி இருக்கீங்க சார்?" என்று கையைப் பிடித்தார், "தண்ணிதான் தர மாட்டேங்குறா" என்று நயினார் கோள் சொன்னார், "என் ஆர்டர்தான் சார், அவங்களைத் திட்டாதீங்க" என்றார் டாக்டர், பிறகு, "அம்மா, கொஞ்சம் வெளிய வாங்க". வராந்தாவில் ஃபினாயில் வாடை, தூரத்தில் ஒரு டிராலி கடகடத்துக்கொண்டு போயிற்று. கூப்பிடாமலே பிச்சம்மாளும் வந்து உலகம்மைக்குப் பின்னால் நின்றாள், அவளுடைய வெற்றிலை மணம் கழுத்தில் பட்டது. டாக்டர் தன் மெதுவான குரலில் சொன்னார், நுரையீரலில், மூச்சுக்குழாயை ஒட்டி, நடுவாக ஒரு கட்டி இருக்கிறது, பக்கத்தில் நெறிக்கட்டிகளும் வீங்கியிருக்கின்றன, சின்னத் துணுக்கு எடுத்துச் சோதிக்காமல் பெயர் சொல்லக் கூடாது, "ஆனா உங்ககிட்ட மறைக்க விரும்பலைம்மா, கேன்சராத்தான் இருக்கும்னு நினைக்கிறேன். இந்த மாதிரிக் கட்டி சிலது ஒரு சுரப்பை ரத்தத்துல விடும், தண்ணியைப் பிடிச்சு வைன்னு கிட்னிக்குச் சொல்லும். சோடியம் குறைஞ்சது அதனால. மெலிஞ்சதும் அதனாலதான்." நல்ல மனுஷன், அடுத்து ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும் என்று தேடி எடுத்தார், "அன்னைக்கு ஒண்ணு கேட்டீங்க, உங்களாலதானான்னு. இல்லம்மா. உங்க சமையலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அந்தக் கவலையை மட்டும் விட்டுருங்க."

"இல்ல டாக்டர்" என்றாள் உலகம்மை. குரல் அவளுக்கே அந்நியமாக, சண்டைக்கு நிற்கிற குரலாக வந்தது. "நீங்க சரியா விசாரிக்கலை. நான் உப்பைக் குறைச்சேன்னு சொன்னதும் ஏதோ எல்லாரும் குறைக்கிற மாதிரின்னு நினைச்சுட்டீங்க. நான் அப்படி ஆள் இல்ல. ஒரு கல்லு போடலை டாக்டர். தோசை மாவுல போடலை. ரசத்துல போடலை. ஊறுகாயைத் தூக்கிக் குடுத்துட்டேன். அவர் கேட்டார், ஜெயில்ல கூடப் போடுவான்னு கேட்டார், நான் போடலை. அதுல மெலிஞ்சார், என்னாலதான் மெலிஞ்சார், ஊரே பார்த்துச்சு. நீங்க அதையெல்லாம் கணக்குல எடுக்காம..." திரும்பி நாத்தனாரின் கையைப் பிடித்தாள், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கையை அவள் தொட்டதில்லை, "சொல்லுங்க மதினி. நீங்கதானே பாத்தீங்க. விரலை விட்டு நக்கிப் பாத்தீங்கல்லா, சொல்லுங்க இவர்கிட்ட." பிச்சம்மாளின் முகம் கோணியது. உலகம்மையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், பிறகு சேலையை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்தாள். "ஆமா டாக்டரய்யா" என்றாள், "இவ சொல்லுதது நெசம்தான். ஒரு கல்லு போட மாட்டா. வாயில வைக்க விளங்காது. நான் எத்தனை மட்டம் சண்டை போட்டுருக்கேன், கேளுங்க இவகிட்ட. சப்புன்னு, பச்சத் தண்ணி மாதிரி இருக்கும். அதான் எந்தம்பிக்கு இப்படி ஆயிட்டு. வேற ஒண்ணும் இருக்காது, நீங்க நல்லாப் பாருங்க." "ஆமா டாக்டர்" என்றாள் உலகம்மை, அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அவங்க பொய் சொல்ல மாட்டாங்க." "சாம்பாரும் அப்படித்தான்" என்றாள் பிச்சம்மாள். "சாம்பாரும் அப்படித்தான்" என்றாள் உலகம்மை. டாக்டர் ஜெபசிங் இரண்டு பேரையும் முடிக்க விட்டார். சுவரோரம் கிடந்த பெஞ்சைக் காட்டினார், இரண்டு பேரும் கையை விடாமல் உட்கார்ந்தார்கள், அவரும் எதிரில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, இன்னும் மெதுவாக, முதலிலிருந்து மறுபடி சொல்ல ஆரம்பித்தார்.